பாய் மட்டும் புதுசு

"யாரைக் கேட்டு மடிச்ச?"

தேவிப்ரியா தோள்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பாண்டிச்சேரியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆரணியில் இறங்கி, ஆட்டோவில் நேராக இந்த ரைஸ் மில் களத்துக்கு வந்திருந்தாள். வந்த வேகத்தில் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

எதிரே அவளுடைய அப்பா தனசேகரன். பக்கத்தில் அவருடைய கூட்டாளி கந்தசாமி. இரண்டு பேருக்கும் வயது அறுபதுக்கு மேல். இரண்டு பேருக்கும் தறியும் சேலை வியாபாரமும்தான் தொழில். அவர்களுக்கு நடுவே, சுத்தமாக விரித்த கோணி மேல், ஓரம் பிசகாமல் மடித்து வைத்த ஒரு பெரிய வெள்ளைத் துணி.

படகின் பாய்.

படகு பின்னால் நின்றது. நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில், இரும்புத் தாங்கி மேல், முப்பத்தொரு அடி நீளத்துக்கு, கடலைவிட்டு நூறு கிலோமீட்டர் தள்ளி, யாரோ வழிதவறி விட்டுப்போன மாதிரி. பாய்மரத்தைக் கழற்றி மேலேயே நீளவாக்கில் கட்டியிருந்தார்கள்.

"சும்மா மடிக்கலம்மா," என்றார் தனசேகரன். "மூணு மணி நேரம் பார்த்தோம்."

"பூதக்கண்ணாடி வச்சு இழை எண்ணினோம்," என்றார் கந்தசாமி பெருமையாக. "குறுக்கால ஓடற ஊடை ஒரே சீரு. ஒரு இழை வுட்டுப் போகல. தையலப் பாரு, மூணு வரிசை. இந்த மாதிரி துணி நான் பார்த்ததே இல்ல."

"பெரியப்பா, பாய் கிழிஞ்சா தச்சுக்கலாம். நடுக்கடல்ல படகு கிழிஞ்சா எந்த ஊசிய வச்சுத் தைக்கறது?" அப்பா பக்கம் திரும்பினாள். "படகை எவ்ளோ நேரம் பார்த்த?"

தனசேகரன் கந்தசாமியைப் பார்த்தார்.

"வெள்ளையா இருந்துச்சு," என்றார் கந்தசாமி.

தேவிப்ரியாவுக்குக் காது மடல் சுட்டது. 'நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே' என்று போனில் இரண்டு முறை சொல்லியிருந்தாள். தொட்டுவிட்டார். தொட்டது மட்டுமா? மடித்தும்விட்டார்.

தனசேகரன் வியாபாரம் செய்யும் தெருவில் ஒரு முறை உண்டு. சேலையை எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரிக்கலாம். வெயிலில் பிடிக்கலாம், திருப்பிப் பார்க்கலாம், வாய் வலிக்கக் குறை சொல்லலாம். மடிப்பது மட்டும் விற்பவன் வேலை. வாங்க வந்தவன் தன் கையால் மடித்தால், எடுத்துக்கொண்டான் என்று அர்த்தம். கையெழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம். அதற்குப் பிறகு மாற்றிப் பேசினவனுக்கு அந்தத் தெருவில் எவனும் சரக்கைப் பிரித்தே காட்டமாட்டான்.

விற்பவர் ஜெயக்குமார், அதே தெருவின் பட்டு மொத்த வியாபாரி, தேவிப்ரியா சின்ன வயதிலிருந்து சித்தப்பா என்று கூப்பிடும் ஆள். அவர் கண்ணெதிரே தனசேகரன் நேற்று சாயங்காலம் இந்தப் பாயை மடித்திருந்தார்.

தேவிப்ரியா பதினோரு வருடமாக அடுத்தவர் படகை ஓட்டுகிறவள். டூரிஸ்டுகளை ஆறு ஆறு பேராகக் கடலுக்குள் கூட்டிப்போய்ச் சூரியன் உதிப்பதைக் காட்டிக் கூட்டிவருவாள். உழைப்பு அவளுடையது, படகும் பெயரும் முதலாளியுடையது. இருபத்தொன்பது வயதில் சொந்தமாக ஒரு படகு வாங்க முடிவு செய்தபோது, அப்பா கண்ணமங்கலம் ரோட்டில் இருந்த ஒரே மனையை விற்றார். இன்னொரு மனை கிடையாது. இந்தப் படகு தப்பாகப் போனால் இன்னொரு படகும் கிடையாது. கடலில் வைத்துத் தப்பாகப் போனால் அவளும் கிடையாது, அவளை நம்பி ஏறுகிற ஆறு பேரும் கிடையாது.

இவ்வளவையும் இரண்டு பேர் பாயை வைத்து முடிவு செய்திருக்கிறார்கள்!

வெள்ளைக் கார் ஒன்று களத்துக்குள் நுழைந்தது. மடிப்புக் கலையாத சட்டையோடு இறங்கினார் ஜெயக்குமார்.

"வாம்மா கேப்டன்! பஸ்லயா வந்த? நீ கப்பல்லயே வந்து எறங்குவன்னு பார்த்தேன்."

"கமண்டல நாகநதில தண்ணி இல்ல சித்தப்பா. அதான் பஸ்ல வந்தேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பையைத் திறந்து ஒரு சின்ன சுத்தியலை எடுத்தாள். தலையில் கெட்டி பிளாஸ்டிக் பொருத்தியது.

"இன்னாம்மா அது?"

"படகைப் பாக்கணும்."

"இனிமே இன்னா பாக்கறது? அண்ணன் கைப்பட மடிச்சாச்சு. எட்டரைக்கு கிரேன் வருது. லாரில ஏத்திகினு ஜல்தியா கெளம்ப வேண்டியதுதான். அது உங்க பொருளு."

"எங்க பொருள நாங்க பாக்கக்கூடாதா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் படகின் மூக்கிலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு.

டக். டக். டக்.

நல்ல ஃபைபர் அப்படித்தான் சத்தம் கொடுக்கும். கறாராக, சுருக்கமாக. மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"தேங்கா வாங்க வந்தியாம்மா?" என்றார் ஜெயக்குமார், அவர்களுக்கும் கேட்கும்படி. கூட்டம் சிரித்தது.

டக். டக். தொப்.

அவள் கை நின்றது. அதே இடத்தில் மறுபடி தட்டினாள். தொப். கொஞ்சம் தள்ளி. தொப்.

"ஆமா சித்தப்பா," என்றாள். "அழுகல் தேங்காயும் இப்படித்தான் பேசும்."

இந்தத் தடவை சிரித்தது ஒருவர்தான். அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சத்தம் மாறியது படகின் வயிற்றுக்கடியில். பாய்மரப் படகு என்றால் அடியில் சுறாவின் துடுப்பு மாதிரி ஒரு இரும்பு தொங்கும். கீல் என்பார்கள். இந்தப் படகின் கீல் ஒன்றரை டன். காற்று பாயை ஒரு பக்கம் தள்ளும்போது, படகு கவிழாமல் இழுத்துப் பிடிப்பது அந்தக் கனம்தான். ஆறு போல்ட்டில் அது படகோடு பிடித்திருக்கிறது. அந்தப் பிடி விட்டால் படகு ஒரு நிமிஷம்கூட நிற்காது. குப்புறக் கவிழும். உள்ளே தூங்குகிறவன் எழுந்திருக்க நேரம் இருக்காது.

குனிந்து பார்த்தாள். கீலும் படகும் சேரும் இடத்தில் சுற்றிலும் புது பட்டி, புது பெயிண்ட்.

ஏணியில் ஏறி உள்ளே போனாள். மெத்தை பழசு. அடுப்பு பழசு. ஜன்னல் கண்ணாடி மஞ்சளித்திருந்தது. தரைப்பலகையைத் தூக்கினாள். உள்ளே மட்டும் பளபளவென்று சாம்பல் நிறப் பெயிண்ட். வாசனைகூடப் போகவில்லை. குடியிருக்கிற அறையை விட்டுவிட்டு, யாரும் பார்க்காத குழிக்கு யாராவது பெயிண்ட் அடிப்பார்களா?

கத்தியை எடுத்துச் சுரண்டினாள்.

"ஏய், ஏய்! இன்னா பண்ற?" கீழேயிருந்து ஜெயக்குமாரின் குரல்.

பெயிண்டுக்கு அடியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். சுரண்டச் சுரண்ட ஓடியது. போல்ட் பக்கத்தில் ஆரம்பித்து, படகின் விலா எலும்பு மாதிரி குறுக்கே கிடந்த இரண்டு கட்டைகளைத் தாண்டிப் போனது.

தலையை வெளியே நீட்டினாள். "எங்க மோதினீங்க சித்தப்பா?"

"எங்கயும் மோதல. சென்னைத் துறைமுகத்துல கட்டியே வச்சிருந்தேன். வாடகை கட்டுப்படியாகலன்னுதான் இங்க எடுத்தாந்து போட்டேன்."

"அடுப்பு பழசு, மெத்தை பழசு, குழிக்கு மட்டும் புதுப் பெயிண்டு. அதுக்கடியில கீறல் ஓடியிருக்குது."

"ஃபைபர்னா கீறல் வரத்தான் வரும். நீ கத்திய வச்சுக் கிழிச்சுட்டு என் மேல போடாத. அண்ணா, இன்னா இது? வாங்கினதுக்கப்புறம் நொட்டை சொல்றதா? நம்ம தெருவுல இந்தப் பழக்கம் உண்டா?"

தனசேகரனின் முகம் சுண்டிப்போயிருந்தது. ஏணிக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "தேவி, எறங்கு. ஆளுங்க பாக்கறாங்க," என்றார்.

"பாக்கட்டும்."

"ஒரு கீறலுக்காக மாத்திப் பேச முடியாதும்மா. நாப்பது வருஷம் அந்தத் தெருவுல ஏறி எறங்கிகினு இருக்கறேன். ஒரு நாள் மாத்திப் பேசினது இல்ல."

"அப்போ நான் செத்தா பரவால்ல. உன் தெருவுக்கு மரியாத இருந்தா போதும். அப்படித்தான?"

அடித்தாற்போல் நின்றுவிட்டார் அவர். சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. மூன்று மணி நேரம் ஒரு துணியைப் பார்த்தவர், மூன்று நிமிஷம் கீழே குனிந்திருக்கலாமே!

கிரேன் உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. பின்னால் நீளமான லாரி. கிரேனை ஓட்டிவந்தவர் காத்தவராயன். ஆரணியில் மில் மெஷின், டிரான்ஸ்பார்மர் எது தூக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இறங்கினார், இரண்டு அகலமான பெல்ட்டை எடுத்துத் தோளில் போட்டார்.

ஜெயக்குமார் வேகமாக அவரிடம் போனார். "பெல்ட்டு படகுக்கு வேணாம்ப்பா. தாங்கியோட சேர்த்துத் தூக்கு. அப்படியே லாரில வையி."

"தாங்கி ஒரு டன்னு வருமே சார். வீணா எதுக்கு?"

"சொன்னதைச் செய்யேன்."

காத்தவராயன் தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு எறக்கும்போதும் இதே பேஜார்தான் பண்ணீங்க," என்றபடி திரும்பினார்.

தேவிப்ரியா ஏணியிலிருந்து குதித்தாள். "அண்ணா, ஒரு நிமிஷம். அன்னிக்கும் நீங்கதான் எறக்கினீங்களா?"

"ஆமாம்மா. நாலு மாசம் இருக்கும். பெல்ட்டு போட்டு ரெண்டு நிமிஷத்துல எறக்கற ஜாமான். தூக்கவே கூடாதுன்னாரு. அடியில கட்டைய குடுத்து, ஜாக்கி வச்சு, முட்டைய எறக்கற மாதிரி எறக்கினோம். அரை நாள் போச்சு."

அவளுக்குப் புரிந்துவிட்டது.

தாங்கி மேல் இருக்கும்வரை படகின் பாரம் முழுவதும் கீலை மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். எவ்வளவு பெரிய விரிசல் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். பெல்ட் போட்டுத் தூக்கினால் கீல் அந்தரத்தில் தொங்கும். ஒன்றரை டன் கீழே இழுக்கும். வாய் திறக்கும்.

இந்த ஆள் இரண்டு தடவையும் படகைத் தூக்கவிடவில்லை.

"அண்ணா, பெல்ட்டு போடுங்க," என்றாள். "படகுக்கு மட்டும். அரை அடி தூக்கினா போதும்."

"போடாத!" ஜெயக்குமாரின் குரல் முதல்முறையாகக் கீச்சிட்டது. "என் பொருளு அது! நான் சொல்றதுதான்!"

"உங்க பொருளா?" தேவிப்ரியா அவர் முன்னால் போய் நின்றாள். அவளுடைய குரல் அமைதியாகத்தான் வந்தது. கைதான் சுத்தியலின் பிடியை நொறுக்கிவிடுகிற மாதிரி இறுக்கிக்கொண்டிருந்தது. "மடிச்சாச்சு, உங்க பொருளுன்னு இப்பதான சொன்னீங்க? இத்தன பேர் முன்னாடி சொன்னீங்க. எங்க பொருள நாங்க எப்படி வேணா தூக்குவோம். இல்ல, இன்னும் உங்க பொருளுதான்னா, அதையும் சொல்லிடுங்க. எங்கப்பா மடிச்சது செல்லாதுன்னு ஆயிடும். நாங்க பஸ் ஏறிடறோம். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஜெயக்குமார் சுற்றிலும் பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேரின் வீட்டில் தறி உண்டு. மடிப்பின் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணா..." என்று தனசேகரனைப் பார்த்துத் துணைக்கு அழைத்தார்.

தனசேகரன் மகளைப் பார்த்தார். பிறகு ஜெயக்குமாரின் நெற்றியைப் பார்த்தார். எட்டரை மணி வெயிலுக்கு அவ்வளவு வியர்க்காது.

"காத்தவராயா, பெல்ட்டைப் போடு," என்றார்.

முன்னால் ஒரு பெல்ட், பின்னால் ஒரு பெல்ட். படகின் வயிற்றுக்கடியில் நுழைத்து, மேலே கொக்கியில் மாட்டினார்கள். தேவிப்ரியா எல்லோரையும் பத்தடி தள்ளி நிறுத்தினாள். போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டாள்.

"தூக்குங்கண்ணா. மெதுவா."

கம்பி விறைத்தது. படகு ஒரு தடவை அசைந்தது. தாங்கியின் பக்கக் கைகளை விட்டு எழும்பியது. ஒரு விரல். இரண்டு விரல்.

படகு எழும்பியது. கீல் கூடவே எழும்பவில்லை.

முதலில் பட்டி உதிர்ந்தது, காய்ந்த சுண்ணாம்பு மாதிரி. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு முனகல். இரும்பும் ஃபைபரும் உரசுகிற, பல் கூசுகிற சத்தம். படகுக்கும் கீலுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. கோடு அகலமானது. உள்ளங்கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து, அதன் வழியாகச் செம்மண் கரைத்த மாதிரி துருத்தண்ணீர் கொடகொடவென்று களத்தில் கொட்டியது.

ஆறு போல்ட்டில் மூன்று அறுந்துபோயிருந்தன. நிச்சயம் பழைய அறுப்பு, முனையெல்லாம் துரு மூடியிருந்தது. மீதி மூன்றும் தேய்ந்து பென்சில் கனத்துக்கு வந்திருந்தன. அந்த மூன்று பென்சிலில் ஒன்றரை டன் தொங்கிக்கொண்டிருந்தது.

"யம்மா, எறக்கிடட்டுமா?" காத்தவராயன் கிரேனிலிருந்து கத்தினார். "ரொம்ப நேரம் தாங்காது!"

"எறக்குங்க."

கறுப்பு வாய் மூடிக்கொண்டது. படகு பழையபடி வெள்ளையாக, அழகாக உட்கார்ந்தது.

கந்தசாமிதான் முதலில் அசைந்தார். மடித்து வைத்திருந்த பாயைப் பார்த்தார், படகைப் பார்த்தார், கடைசியில் ஜெயக்குமாரைப் பார்த்தார்.

"டேய், ஜெயக்குமாரு. அடுப்பு பழசு, மெத்தை பழசுன்னு பாப்பா சொல்லுது. விக்கப்போற படகுக்குப் பாய மட்டும் எதுக்குடா புதுசா வாங்கிப் போட்ட?"

ஜெயக்குமார் கார் சாவியைக் கையில் உருட்டினார்.

"நாங்க துணியத்தான் பார்ப்போம்னு உனக்குத் தெரியும்," என்றார் கந்தசாமி. "அதுக்குத்தான் இந்த ஊருக்கு எடுத்தாந்த. கடலோரத்துல வித்தா அடிய பார்ப்பான். ஆரணில வித்தா ஊடையப் பார்ப்பான். நாங்க ரெண்டு கெழவனும் கண்ணாடிய வச்சுகினு குனிஞ்சு குனிஞ்சு எண்ணிகினு இருந்தோம். நீ பக்கத்துல நின்னு டீ வாங்கிக் குடுத்த!"

"வியாபாரம்னா வாங்கறவன்தான் பார்க்கணும். நான் ஒண்ணும் அண்ணன் கையப் புடிச்சு மடிக்கச் சொல்லல," என்றார் ஜெயக்குமார். பயம் போய் இப்போது திமிர் வந்திருந்தது. "கீல் நல்லா இருக்குதுன்னு நான் எங்கயாவது சொன்னேனா? சொல்லுங்க. மடிச்சது மடிச்சதுதான்."

தனசேகரன் அவரிடம் நடந்தார். அடித்துவிடுவாரோ என்று இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். அவர் அடிக்கவில்லை. முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, களம் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"ஆமாண்டா, மடிச்சேன். இதோ மாத்திப் பேசறேன். எனக்கு இந்தப் படகு வேணாம். போய்த் தெருவெல்லாம் சொல்லு. தனசேகரன் மடிச்சுட்டு மாத்திப் பேசிட்டான்னு கடை கடையா ஏறிச் சொல்லு. எவனும் எனக்குச் சேலைய பிரிச்சுக் காட்டவேணாம். என் பொண்ணு தண்ணிக்கடியில கெடந்திருப்பாடா! நீ அவளுக்குச் சித்தப்பனாடா?"

"நாளைக்கு என் கடைப் படிய மிதிப்ப இல்ல, அன்னிக்குப் பேசிக்கறேன்," என்றார் ஜெயக்குமார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "உங்கள வுட்டா எனக்கு ஆளே இல்லையா? தூத்துக்குடிலேர்ந்து ஒருத்தன் மூணு மாசமா கேட்டுகினு இருக்கான். நாளன்னிக்கு வரான். பொண்டாட்டி புள்ளைங்களோட அந்தமான் போவானாம். பட்டி பூசறதுக்கு ஒரு நாள் போதும்."

காரை நோக்கி நடந்தவரின் முதுகைப் பார்த்தபடி தேவிப்ரியா நின்றாள். புள்ளைங்களோட. அந்த வார்த்தை அவளுக்குள் எதையோ பற்ற வைத்தது. இவ்வளவு நேரம் இருந்தது எரிச்சல்தான், இதுதான் கோபம் என்று தோன்றியது.

படகின் பின்பக்கம் போனாள். வலது மூலையில், மேல் விளிம்புக்குக் கீழே, ஃபைபரிலேயே பதித்த எண் இருக்கும். கட்டினவன் போட்டது. எத்தனை பெயிண்ட் அடித்தாலும் தடவினால் கிடைக்கும். அதைப் போட்டோ எடுத்தாள். வீடியோவோடு சேர்த்தாள்.

ஜெயக்குமார் கார்க் கதவில் கையை வைத்தபடி திரும்பினார். "அது எதுக்கு?"

"நம்ம நாட்டுல இந்த மாதிரி படகு ஓட்டறவங்க ரொம்பக் கம்மி சித்தப்பா. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வாட்ஸப்ல நாலு குரூப்தான். கொச்சி, மும்பை, கோவா, நம்ம கடற்கரை."

அவர் முகத்திலிருந்த திமிர் இறங்கியது. ஓடியே வந்தார். "தேவி, வேணாம்மா. நான் உன் சித்தப்பன். நஷ்டமாயிடும்மா. சரி பண்ணித்தான் விப்பேன். சத்தியமா."

"ஒண்ணு கேக்கறேன். போல்ட் அறுந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அது வந்து... மகாபலிபுரத்துக்கிட்ட ஒரு பாறைல லேசா..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்," என்றார்.

அவள் விரல் அழுத்தியது.

"போயிடுச்சு," என்றாள்.

ஜெயக்குமார் கெட்ட வார்த்தையில் ஏதோ சொன்னார். காத்தவராயன் கிரேனிலிருந்து இறங்கி வந்து நின்றதும் மீதியை விழுங்கிக்கொண்டு காரில் ஏறினார். கார் துருத்தண்ணீரில் சக்கரத்தை நனைத்துக்கொண்டு வெளியே போனது. லாரிக்காரர் வந்த கூலியைக் கேட்டார், கந்தசாமி அவரைத் தனியே கூட்டிப்போனார்.

அப்பாவும் மகளும் மில் சுவர் நிழலில் நின்றார்கள்.

"கோவமா?" என்றார் தனசேகரன்.

"ஆமா."

"அவன் மேலயா, என் மேலயா?"

"அவரு திருடன். அவர் மேல கோவப்பட்டு இன்னா ஆவப்போவுது? உன் மேலதான். ரெண்டு தடவ சொன்னேன்ல? போன்ல சொன்னேன்ல?"

"சொன்ன."

அவர் வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அதுவே நல்லது என்று அவளுக்குப் பட்டது. ஒரு வார்த்தை அதிகம் பேசியிருந்தால் கத்தியிருப்பாள். மனை விற்ற பணம் இன்னும் கைமாறவில்லை, ஆனால் படகும் இல்லை. நாளைக்குத் திரும்பவும் முதலாளியின் படகு, முதலாளியின் பெயர். அப்பாவுக்கு நாளைக்கு எந்தக் கடை திறந்திருக்கும் என்று தெரியவில்லை.

போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். எடுத்தாள்.

"மேடம், நான் அருள்ராஜ் பேசுதேன், தூத்துக்குடில இருந்து. குரூப்ல வீடியோ பார்த்தேன். அது ஆரணில கெடக்க படகுதானே? நாளன்னைக்கு ட்ரெயின் டிக்கெட் போட்டிருக்கேன் மேடம். புள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட்லாம் வாங்கியாச்சு. அவரு போட்டோ அனுப்பினாரு, பாய் எல்லாம் புதுசா இருந்துச்சே?"

தேவிப்ரியா ஒரு வினாடி கண்ணை மூடினாள். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு, போனை அப்பாவின் கையில் திணித்தாள்.

"நீயே சொல்லு."

தனசேகரன் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், வணக்கம். பாய் புதுசுதான் சார். நல்ல பாயி. அதப் பார்த்துட்டுத்தான் நானும் வாங்கிட்டேன். நெசவுக்காரன் சார் நான்."

"அப்ப நீங்கதான் ஓனரா?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து இன்னிக்குக் காலை வரைக்கும் ஓனரா இருந்தேன் சார்," என்றார் தனசேகரன். "நீங்க டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க. மொதல்ல அதப் பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கறேன்."